போர்மன் நீட்டிய பொடி

ஜெர்மன்காரரின் மூக்குப்பொடியைப் பற்றி யாராவது கேட்டால் ஒரு பின்னேரம் முழுக்கப் பேச என்னிடம் விஷயம் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை. நானாகத் தொடங்கினால் மனைவி எழுந்து குசினிக்குள் போய்விடுகிறாள். மகள் ஒரு படி மேலே போய் அறைக் கதவையே சாத்திவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். தாள் எழுந்து போகாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்தில் கதவும் ஜன்னலும் செய்கிற ஒரு மரத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. எண்பத்துமூன்று கலவரத்துக்கு முன்பு கொழும்பில் நான் படவரைஞன். இங்கே மரம் அறுப்பவன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. குறையெல்லாம் அந்த வேலை தற்காலிகம் என்பதில்தான். ஆறு மாதம் பார்ப்பார்கள், எங்களை மேற்பார்க்கிற போர்மன் நல்லபடி சொன்னால் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால்தான் மதராசில் ஒரு வாடகை அறையில் காத்திருந்த மனைவியையும் இரண்டு வயது மகளையும் ஸ்பொன்சர் செய்து கூப்பிட வழி பிறக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மகள் நடக்கப் பழகியதை நான் பார்க்கவில்லை. பேசப் பழகியதையும் பார்க்காமல் போய்விடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஆக, என் குடும்பத்தின் தலையெழுத்து போர்மனின் வாயில் இருந்தது. அந்த வாய் அதிகம் திறக்காது. உலக யுத்தம் முடிந்து சில வருடங்களில் ஜெர்மனியின் பவேரியாக் காட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அறுபது வயதிருக்கும், கதவு நிலைக்குக் குனிந்துதான் வருவார். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே அளவில் நொண்டியவை என்பதால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போனது. ரம்பத்துக்கு மரத்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று என் முழங்கையைப் பிடித்துக் காட்டித்தந்தவர் அவர்.

மரத்தூள் பறக்கிற இடத்தில் சிகரெட் பற்றவைக்க விடமாட்டார்கள். அதனால் காலைத் தேநீர் இடைவேளையில் போர்மன் உள்ளங்கையளவு தட்டையான ஒரு கண்ணாடிக் குப்பியை எடுப்பார். நீலமும் வெள்ளையும் சுழித்த கண்ணாடி. மூடியைத் திறந்து, சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களின் கைகளில் தன் கையாலேயே பொடி தட்டிவிடுவார். இத்தாலிக்காரர், லெபனான்காரர், குரோஷியாக்காரர், எல்லோரும் பெருவிரலை நிமிர்த்திக் கையை நீட்டுவார்கள். பெருவிரலின் அடியில் ஒரு பள்ளம் விழுமே, அதில் சின்னக் குவியலாக வைப்பார். கடைசியில்தான் தனக்குப் போட்டுக்கொள்வார்.

எனக்கும் பொடிப் பழக்கம் உண்டு. கொழும்பு வேலைத்தளத்தில் தொற்றியது. அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. மனைவி மூக்குத் துடைக்கிற கைலேஞ்சியைத் தோய்க்கும்போது கண்டுபிடித்துவிட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பொடி முடிந்து என் மூக்கு பட்டினி கிடந்த காலம் அது. அந்தக் குப்பி என் பக்கம் திரும்பும்போது வாயில் எச்சில் ஊறும். நான் என்ன செய்தேன் என்றால், கதிரையை விட்டு எழும்பி, முதுகைத் திருப்பிக்கொண்டு, பலகை அடுக்குக்குப் பின்னால் போய் நின்றேன்.

எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு முன்னால் சுருட்டும் பிடிப்பதில்லை, பொடியும் போடுவதில்லை. போர்மனுக்கு அப்பாவின் வயது, அதற்கு மேல் அதிகாரி. அவர் கையாலேயே வாங்கி அவர் முகத்துக்கு நேரே மூக்கில் ஏற்றுவதா? நினைக்கவே கூசியது. முதல் முறை நான் எழும்பியபோது அவர் சிரித்தார். அடுத்த முறை புருவத்தைத் தூக்கினார். அதற்குப் பிறகு என் பக்கம் குப்பியைத் திருப்பவே இல்லை. எவ்வளவு அடக்கமான ஆள் என்று விளங்கிக்கொண்டார் போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த அளவுக்கு என் புத்தி வேலை செய்தது.

மூக்கு சும்மா இருக்குமா? ஒரு சனிக்கிழமை ரெயினேறி சிட்னி நகரத்துக்குப் போய், கடைத்தெருவுக்குள் ஒரு புகையிலைக் கடையைத் தேடிப் பிடித்தேன். ஜெர்மன் பொடி வேண்டும் என்றேன். எந்த வகை என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். பொடியில் என்ன வகை? நான் முழித்ததைப் பார்த்து மூன்று டப்பாக்களை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்போது வெஸ்ட்மீட்டில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தேன். கூட இருந்தவர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிற வேலை செய்த ஒரு அண்ணை. என்னை விடப் பத்து வயது மூத்தவர், உலகத்தில் தெரியாத விஷயம் இல்லாதவர். அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து முதல் டப்பாவைத் திறந்தேன். மாப்போல மெல்லிய பழுப்புத் தூள். எங்கள் பழக்கப்படி பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தாராளமாக அள்ளி, தலையை நிமிர்த்தி, ஒரே இழுவையாக இழுத்தேன். ஊர்ப் பொடி மூக்கில் நெருப்பு வைக்கும், நாலு தும்மலில் தலைப்பாரம் இறங்கிவிடும். இது நெருப்பு வைக்கவில்லை, நெற்றிக்குள் ஐஸ்பெட்டியைத் திறந்துவிட்டது. கண் இரண்டும் ஒழுக, தும்மலும் வராமல், கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சளித் தடிமனுக்குப் பூசுகிற தைலத்தைக் காயவைத்துத் தந்துவிட்டாரோ என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஜெர்மன் எழுத்து, ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டாவது டப்பாவுக்குள் வெள்ளைத் தூள் இருந்தது. சுத்த வெள்ளை. இது எப்படிப் புகையிலையாகும் என்று ஒரு சோசரில் கொட்டி ஆராய்ந்துகொண்டிருந்தபோது அண்ணை கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். சோசரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதென்ன ஐசே?"

"பொடி அண்ணை. மூக்கிலை போடுறது."

"மூக்கிலை போடுறது எண்டு எனக்கும் தெரியும். மூக்கிலை போட்டவங்களைத்தானே ஒவ்வொரு சனியும் தள்ளிக்கொண்டு திரியிறன். மனுசியையும் பிள்ளையையும் கூப்பிட நிக்கிற ஆள் செய்யிற வேலையே இது?"

நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினேன். பிறகு அவரையும் தொட்டுப் பார்க்கவைத்தேன். இனிப்பு, பின்னால் கொஞ்சம் குளிர்ச்சி. புகையிலையே இல்லாத பொடியும் ஜெர்மனியில் உண்டு, குளுக்கோசும் மெந்தோலும் மட்டும்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அண்ணை நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுக் கதிரையில் இருந்தார். "குளுக்கோசை மூக்காலை உறிஞ்சிற சனத்தை இண்டைக்குத்தான் ஐசே காணுறன்" என்றார்.

மூன்றாவதுதான் போர்மனின் சாதிப் பொடி. கடைக்காரர் அதற்கு ஷ்மால்ட்ஸ்லர் என்று பெயர் சொன்னார். முன்காலத்தில் நெய்யோ கொழுப்போ சேர்த்துப் பிசைவார்களாம், பெயரும் அதிலிருந்து வந்ததாம். கறுப்புக்குக் கிட்டிய கபிலம், ஈரமானது, தேயிலைத் தூள் மாதிரிப் பருமன். முகர்ந்தால் உலர்ந்த கொடிமுந்திரிகைப் பழம், பழைய நெய், கொஞ்சம் புளி. ஊரில் பட்டணம் பொடிக்கு நெய் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் எனக்கு ஒரு சொந்தக்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. ஆசையோடு கிள்ளி இழுத்தேன். அவ்வளவும் தொண்டைக்குள் போய் விழுந்து, தண்ணீர்க் குழாயடியில் குனிந்தபடி கொஞ்ச நேரம் செத்துப் பிழைத்தேன்.

எப்படிப் போடுவது என்று போர்மனைப் பார்த்தே பழகினேன். பலகை அடுக்கின் இடுக்கு வழியாகப் பார்த்தால் அவர் நன்றாகத் தெரிவார். கிள்ளுவதே இல்லை. கைப் பள்ளத்தில் குவியல் வைத்து, கையை மூக்குக்குக் கொண்டுபோகாமல் மூக்கைக் கைக்குக் கொண்டுவருவார். இழுக்கவும் மாட்டார். மல்லிகைப்பூவை மணப்பது போல ஒரு சின்ன மூச்சு, பிறகு மற்ற மூக்குத் துவாரத்துக்கு இன்னொன்று. பொடி மூக்கின் வாசலிலேயே நின்றுவிட வேண்டும், உள்வீட்டுக்குப் போகக் கூடாது. அப்புறம் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் வாசனை ஒவ்வொன்றாக வருகிறது. தும்மினால் பழகாதவன் என்று அர்த்தம். கடைசியில் மேசைவிரிப்பு அளவுக்கு ஒரு நீலக் கைலேஞ்சி. மெந்தோல் பொடிக்கு இந்தக் குவியல் ஆகாது, ஒரு மிளகளவு போதும், அதற்கு மேல் போட்டால் ஐஸ்பெட்டிதான். இவ்வளவையும் களவாகப் பார்த்துப் பழகி, வேலைத்தளத்துக் கழிப்பறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு போட்டேன். ரசனைக்கு ஏற்ற இடமில்லைதான், ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை என்று நினைத்தேன்.

இதற்குள் போர்மன் மாறிவிட்டார். காலை வணக்கம் நின்றது. எனக்குச் சொல்ல வேண்டியதை லெபனான்காரரிடம் சொல்லி அனுப்பினார். நான் பக்கத்தில் நிற்கும்போதே, "இந்த நிலையை அரை அங்குலம் குறைக்கச் சொல்லு" என்பார். எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. வேலையில் பிழையா? அறுத்ததையெல்லாம் மறுபடி அளந்தேன், பிழையில்லை. தாமதமா? எல்லோருக்கும் முதல் போய்க் கதவடியில் நின்றேன். நேரத்தோடு வந்ததற்கும் அவர் முகம் கொடுக்கவில்லை. ஆறு மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மதராசுக்கு எழுதுகிற கடிதங்களில் போர்மன் தங்கமான மனிதர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். வேறு என்ன எழுதுவது?

அண்ணையிடம் சொன்னேன்.

"பொடியை அவருக்கு முன்னாலை போட்டனீரே?"

"இல்லை அண்ணை. எழும்பித் தள்ளிப் போயிடுவன்."

"அப்ப நல்லது. பெரியாக்களுக்கு முன்னாலை மூக்கிலை கை வைக்கக் கூடாது. ஏதாவது செய்து கொண்டுபோய்க் குடும். சாப்பாட்டிலை மசியாத மனுசர் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை மினக்கெட்டு மீன் கட்லட் பொரித்துக் கொண்டுபோனேன். எல்லோரும் எடுத்தார்கள். போர்மனிடம் நீட்டியபோது அவர் கட்லட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிட்டு எழும்பி ரம்பத்தடிக்குப் போய்விட்டார். பசியில்லையாக்கும் என்று நினைக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் சாப்பாடே கொண்டுவரவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் ஒரு கதவுச் சட்டத்தை அளந்துகொண்டிருந்தேன். கழிப்பறைக் கச்சேரியை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். போர்மன் எனக்குப் பின்னால் போனவர் சட்டென்று நின்றார். நாய் மோப்பம் பிடிப்பது போல மூக்கைத் தூக்கினார். குனிந்து என் சட்டைப் பையைப் பார்த்தார். டப்பாவின் மூடி வெளியே தெரிந்தது. அவர் அதைக் கண்ட மாதிரி நானும் அவர் கண்டதைக் கண்டேன். அவர் முகம் சிவந்து போய்விட்டார்.

இரவு அண்ணையிடம் சொன்னேன். அண்ணைக்கு இந்த முறை சந்தேகமே இருக்கவில்லை. "அது அவரின்ரை பொடி. நீர் களவெடுத்தனீர் எண்டு நினைச்சிட்டார்" என்றார். இத்தனை நாள் விளங்காத எல்லாம் அந்த ஒரு சொல்லில் விளங்கிய மாதிரி இருந்தது. பொடி குறைவதாக அவருக்கு முதலே சந்தேகம் இருந்திருக்கும், அதுதான் முகம் கொடுக்கவில்லை. அலுமாரியைக் கிளறிப் புகையிலைக் கடை ரசீதைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, எறியாமல் வைத்திருந்தேன்.

மறுநாள் தேநீர் இடைவேளைக்கு முன்பே போர்மனிடம் போய் ரசீதை நீட்டினேன். "நான் எடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கினேன்" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இறுகியது. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"உனக்கு இந்தப் பொடி பிடிக்கும்" என்றார்.

"பிடிக்கும்."

"என்னுடைய அதே பொடி. அதற்காக நீ நகரத்துக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குகிறாய். இங்கே நான் கொடுத்தால் எழும்பிப் போகிறாய்."

நான் வாயைத் திறக்கும் முன் அவர் கையுறையைக் கழற்றினார். பெரிய கை, நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது. அதை என் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்.

"இந்தக் கை அழுக்கா?"

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல.

என் அப்பா வேலி அடைக்கிறவர். ஊரில் பெரிய வீடுகளுக்கு வருடா வருடம் கிடுகுவேலி அடைக்கப் போவார், விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். பத்து மணிக்குத் தேநீர் வரும். எங்கள் சாதிக்குக் கோப்பை இல்லை. வேலியோரம் கிடக்கிற தேங்காய்ச் சிரட்டையைக் கழுவி ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும், அந்த வீட்டம்மா ஏனம் சிரட்டையில் பட்டுவிடாமல் உயரப் பிடித்து ஊற்றுவார். அப்பா ஒரு கையால் சிரட்டையும் மறு கையால் தோளிலிருந்து இறக்கிய சால்வையுமாகக் குனிந்து நிற்பார். குடிக்கும்போது அவர்களுக்கு எதிரே குடிக்காமல், திரும்பிப் போய் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று குடிப்பார். தன் கை அழுக்கா என்று அப்பா யாரையும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை யாராவது வாய்விட்டுக் கேட்டு நான் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்கப்பட்டது என்னிடம்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன். கை அழுக்கில்லை, நீங்கள் அப்பா மாதிரி, பெரியவர்களுக்கு முன்னால் செய்ய மாட்டோம், மரியாதை, மரியாதை என்று அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எனக்கு மரியாதை தரத்தான் எனக்கு முதுகைக் காட்டினாயா?"

"ஆம்."

"அப்படிச் செய்ய உனக்கு யார் சொல்லித்தந்தார்கள்?"

அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவுக்கு யார் சொல்லித்தந்தார்கள் என்று அவர் அடுத்துக் கேட்டால்? மரத்துக்குப் பின்னால் நின்று அப்பா குடித்ததும், பலகை அடுக்குக்குப் பின்னால் நான் போய் நின்றதும் மரியாதையா, வேறொன்றா? இதை இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தமிழிலும் தெரியாது. இன்றைக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. பதிலுக்கு நான் பெருவிரலை நிமிர்த்திக் கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு குப்பியை எடுத்து, பெருவிரல் பள்ளத்தில் தட்டினார். "மெதுவாக" என்றார். அவருக்கு முன்னாலேயே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, குனிந்து மணந்தேன். அழுதுவிட்டேன். அந்தப் பொடி கண்ணைக் கரிக்கிற சாதி இல்லை என்பது அவருக்கு என்னை விட நன்றாகத் தெரியும். அதனால் தன் நீலக் கைலேஞ்சியை எடுத்து என் கையில் திணித்துவிட்டு ரம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "என் வேலை விஷயம் என்ன ஆகும்? மனைவியும் பிள்ளையும் காத்திருக்கிறார்கள்."

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். "அதுவா? போன மாதமே ஒஃபீசுக்குச் சொல்லிவிட்டேனே. இவனை விடாதீர்கள், நேராக அறுக்கிறான் என்று."

"போன மாதம் நீங்கள் என்னோடு பேசவே இல்லை."

"அது வேலை" என்றார். "இது வேறு."

வேலை நிரந்தரம் என்ற கடிதம் அடுத்த கிழமை வந்தது. அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். 'அது வேலை', 'இது வேறு' என்ற அந்த இரண்டு சொல்லையும் நான் இத்தனை வருடமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். தன் கையை அழுக்கென்று ஒருவன் நினைக்கிறான் என்று நம்பிக்கொண்டே அவனுக்காக ஒரு மனிதர் நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார். அப்பா வேலி அடைத்த வீட்டிலும் நல்ல வேலையை நல்ல வேலை என்று ஒத்துக்கொள்வார்கள், குறை சொல்ல முடியாது. வேலை பிடித்திருந்தால் தேநீரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார்கள். சிரட்டையில்தான்.